மார்ஜார நியாயமும் ஒரகடத்துப் பூனையும்

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடியதில் ஒரு பூனைக்கும் பங்கு உண்டு. வடகலையார் சொன்னது மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வது மாதிரி, பக்தனும் தன் பங்குக்கு ஏதாவது செய்யணும். தென்கலையார் சொன்னது மார்ஜார நியாயம். பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம், தாய் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும்.

அந்தக் குட்டி வளர்ந்த பிறகு என்ன செய்யும் என்பது அவர்கள் கவலை இல்லை. எனக்கு அந்தக் கவலை ஒரகடத்தில் வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால், கருப்பி தன் வயிற்றை நக்கி நக்கி முடியே இல்லாமல் ஆக்கியிருந்தாள். தோலில் ஒன்றுமில்லை என்றார் கால்நடை மருத்துவர். "பொழுது போகல தம்பி, அவ்வளவுதான்."

ஒற்றை அறை, பத்து மணி நேரம் பூட்டு. என்னத்தைப் பண்ணுவா?

இந்தப் பக்கம் முழுக்க ஏரிப்பாசன நிலம். நெல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனைக்கு உத்தியோகம் இருக்கும். பூனை மனிதனோடு சேர்ந்ததே தானியத்துக்கு வந்த எலியால்தான். சைப்ரஸில் மனிதனுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனைக்கு 9,500 வயது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். களத்துமேடு போய் கன்டெய்னர் லாரி வந்தது. அந்த ரோட்டில் யார் பூனையை வெளியே விடுவார்கள்? மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்கிற பூனையின் காலடியில்கூட எலிகள் உண்டு. கருப்பிக்கு அதுவும் இல்லை.

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிந்ததில் ஒரு களிமண்ணுக்குப் பெரிய பங்கு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டு அம்மா பூனைக்கு மணல் கேட்க, அவர் எண்ணெய் உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்தார். 'கிட்டி லிட்டர்' பிறந்தது. நாற்றம் தீர்ந்தது, கதவு மூடியது. கதவு மூடினால் வேட்டைக்கு என்ன வழி என்பதை யோசிக்க இன்னும் பல வருஷம் ஆனது. 1995இல் லேசர் ஒளியைக் காட்டிப் பூனையை ஓடவிடும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். (சிரிக்காதீர்கள், நிஜம்.) அதில் ஒரு குறை: ஒளியை எவ்வளவு துரத்தினாலும் காலில் ஒன்றும் சிக்காது.

எனக்குக் கைகொடுத்தது சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹாலும் ஜான் பிராட்ஷாவும் செய்த வேலை. பசித்த பூனை அதிகம் விளையாடும் என்று 1998இல் காட்டினார்கள். 2002இல் வந்தது இன்னும் சுவாரஸ்யம். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் மூன்றாவது தடவைக்குள் சலித்துப்போகும். ஆனால் சில நிமிஷத்தில் வேறு மாதிரியான பொம்மையை நீட்டினால், முதல் தடவையைவிட வேகமாகப் பாயும். சலித்தது விளையாட்டு இல்லை, அந்தப் பொம்மை.

அப்போ சாப்பாட்டையும் உழைத்துத்தான் வாங்கட்டும் என்று, ஓட்டை போட்ட டப்பாவில் தீனியை ஒளித்துவைத்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படுத்துக்கொண்டாள். 2021இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 17 பூனைகளுக்கு ஒரு பக்கம் சும்மா கிடைக்கும் தீனி, மறுபக்கம் மூளையைப் போட்டு எடுக்க வேண்டிய தீனி வைத்தார்கள். பெரும்பாலானவை சும்மா கிடைத்ததையே அதிகம் தின்றன. எத்தனையோ மிருகங்கள் சும்மா கிடைத்தாலும் உழைத்துத் தின்னும், பூனை அப்படியில்லை. தென்கலையார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆக சோறு சும்மா வேண்டும், வேட்டை மட்டும் நிஜமாக வேண்டும். இப்போது ஷிஃப்ட் முடிந்து வந்ததும், அவளுக்குத் தீனி வைப்பதற்கு முன்னால், கயிற்றில் கட்டிய துணியை இழுக்கிறேன். சலித்ததும் கோழி இறகு. அதுவும் சலித்ததும், அட்டைப்பெட்டிக்குள் சுருட்டிப்போட்ட காகிதம். கடைசியில் ஒன்றையாவது அவள் பிடித்துக் கடிக்க விடுகிறேன். பிறகுதான் கிண்ணம். வயிற்றில் முடி கொஞ்சம் முளைத்திருக்கிறது. நைட் ஷிஃப்ட் வாரங்களில் மட்டும் மறுபடி நக்கத் தொடங்கிவிடுகிறாள்.