தீயும் சரியும் சுவர்களும்

மும்பை மாநகரின் சரித்திரத்தில் 1944 ஏப்ரல் 14 மறக்கவொண்ணாத நாள். அன்று விக்டோரியா டாக்கில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி வந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பல் வெடித்ததில், தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். அந்நாளே தேசிய தீயணைப்புச் சேவை தினமாக இன்றும் அனுசரிக்கப்படுகிறது.

தீயுடன் போராடுவோர்க்குச் சரியும் கட்டடமும் பெரும் பகை என்பதை 2015 மே 9 உணர்த்திற்று. கல்பாதேவியில் ‘கோகுல் நிவாஸ்’ என்னும் பழங்கட்டடம் தீப்பற்றியது. குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் கட்டடம் சரிந்த அவ்விபத்தில், தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நெசரிக்கர் உள்ளிட்ட நான்கு அதிகாரிகள் உயிர் துறந்தனர்.

மரத்தூண்களும் உத்தரங்களும் தாங்கும் பழைய வீடுகளில், தீ அத்தூண்களையே தின்கிறது. பாய்ச்சிய நீரோ தளங்களில் தேங்கிப் பாரத்தைக் கூட்டுகிறது. தீ அணைந்த பின்னும் சுவர்கள் விழக்கூடும். ஆதலின், இடிபாடுகளை அகற்றுவோரும் அதே அபாயத்தில்தான் நிற்கின்றனர்.

அன்பர்களே! தீ கண்டால் உடனே வெளியேறுவோம். நகை, பத்திரங்களை நாடித் திரும்பிச் செல்லோம். வெளியே வந்ததும் அனைவரையும் எண்ணிப் பார்த்து, உள்ளே எவருமில்லை என்று வீரர்களிடம் உரைப்போம். நம்மைத் தேடி அவர்கள் சரியும் சுவர்களுக்கிடையே நுழையாதிருக்க அதுவே வழி.