இருபத்தெட்டும் முகக்குறிப்பும்

திருவனந்தபுரத்துக்காரன் கையில் சீட்டுக்கட்டு கிடைத்தால் முதல் வேலையாக ரெண்டிலிருந்து ஆறு வரை உள்ளதை உருவி ஓரமாக வைப்பான். மிச்சம் 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. கரமனையில் வளர்ந்தவன் நான். இங்கே மஸ்கட்டில் பக்கத்து ஃபிளாட் சேட்டன்மாரோடு வியாழக்கிழமை ராத்திரிகள் இன்னும் அதில்தான் போகின்றன.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஜாக்கிக்கு (அவர்கள் பாஷையில் குலான்) 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு ஜாதிக்கு 7, நாலு ஜாதிக்கு 28. ராஜாவுக்கும் ராணிக்கும் பூஜ்யம்! மகாராஜாக்கள் ஆண்ட ஊரில் இப்படி ஒரு ஆட்டம் :-)

ஜாக்கியும் ஒன்பதும் உச்சத்தில் இருப்பது ஐரோப்பாவின் யாஸ் வகை ஆட்டங்களின் அடையாளம். டச்சுக்காரர்கள் 1663-ல் கொச்சியைப் பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்பது சீட்டாட்ட வரலாறு எழுதுபவர்களின் ஊகம். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர் தளபதியாகவே ஆனார். அவர் கூடாரத்தில் சீட்டாடினாரா என்று யார் கண்டது!

விஷயத்துக்கு வருகிறேன். நாலு சீட்டைப் பார்த்துத்தான் ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார், அது என்ன ஜாதி என்று கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. பிறகு அடுத்த நாலு சீட்டு. அப்போது மற்ற மூவரும் தங்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அவர் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். கண்ஜாடை காட்டினால் கள்ளாட்டம். தோற்றுத் தேய்ந்தவர் காதில் ஈர்க்குச்சிக் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அதனால் கவனம் தானாக வரும். இதன் அண்ணன் அம்பத்தாறில் ஏலம் கேட்கும் முறையே ஒரு பாஷை. எண்ணை முதலில் சொல்கிறாரா, ஜாதியை முதலில் சொல்கிறாரா என்பதை வைத்தே கூட்டாளி புரிந்துகொள்வார்.

போக்கர் ஆட்டக்காரர்களுக்கு மைக் காரோ 1984-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பலவீனமாக நடிப்பவன் கையில்தான் பலம் இருக்கும் என்பது அதன் சாரம். ஆனால் 2013-ல் ஸ்லெபியன் குழுவினரின் ஆராய்ச்சி வேறு மாதிரி வந்தது. போட்டி வீடியோக்களைத் துண்டு துண்டாகக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் குருட்டாம்போக்கைவிட மோசம். காசை நகர்த்தும் கையைப் பார்த்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். லோன் டெஸ்க்கில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஆச்சரியமில்லை. ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமாவின் முகம் சிரிக்கும், பேனா தயங்கும்.

வள்ளுவர் குறிப்பறிதலுக்கு 71, 110 என்று இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். ஆனால் 94-ஆம் அதிகாரமான சூதில் எந்தத் திறமைக்கும் சலுகை தரவில்லை. கோர்ட் தந்தது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1968-ல் சுப்ரீம் கோர்ட், விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும் எதை வைத்து எதைக் கழிப்பது என்பதும் திறமை, அதனால் ரம்மி சூதாட்டமல்ல என்றது. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றது. அதில் மூஞ்சியைப் படிப்பது கணக்கில் வரவே இல்லை.

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் ரம்மி போனுக்குள் புகுந்தது. கேரளம் 2021 பிப்ரவரியில் காசு கட்டும் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது, செப்டம்பரில் ஹைகோர்ட் ரத்து செய்தது. தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது, 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்றது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது.

போனில் எதிராளிக்கு முகமும் இல்லை, கையும் இல்லை. நம் குறிப்பு மட்டும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். எத்தனை மணிக்கு ஆடுகிறோம், தோற்றதும் எவ்வளவு சீக்கிரம் மறுபடி பணம் போடுகிறோம் என்று எல்லாம் பதிவாகும். ஊரிலிருக்கும் தம்பி, மச்சான் யாராவது மாதக் கடைசியில் அடிக்கடி கைமாற்று கேட்டால், கொஞ்சம் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஐநூறு, ரெண்டேகாலுக்கு ஆயிரம், ரெண்டரைக்கு ரெண்டாயிரம் என்று வரிசையாக நிற்கும்.