குளமும் வளவும்: மீனும் மரக்கறியும் ஒருநீரில் வளர்த்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சீனன்குடாவின் வரலாறு இதுவரை பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள், விமானத்தளம், 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதல் என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. ஆயின் குண்டு விழுவதற்கு ஒரு மாதம் முன்பே இரங்கூன் வீழ்ந்துவிட்டது. பர்மிய அரிசியை நம்பியிருந்த இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. வீட்டு வளவுகளிலும் பயிரிடுமாறு மக்கள் தூண்டப்பட்டனர். 1973இல் அதே குரல் மீண்டும் எழுந்தது. 2022 யூனில் அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து, வீட்டுத் தோட்டஞ் செய்யுமாறு கூறப்பட்டது. இறக்குமதிப் பொருளாதாரம் தளரும்போதெல்லாம் அதன் சுமை வளவின் மூலைக்கு இறக்கப்படுகின்றது. வளவில் மீனையும் மரக்கறியையும் ஒருங்கே வளர்க்கும் முறையை இப்பின்னணியில் வைத்தே ஆராய்தல் வேண்டும்.

அக்குவாபொனிக்ஸ் என இன்று வழங்கும் இம்முறையின் அடிப்படை எளியது. தொட்டியில் வளரும் மீன்கள் அமோனியாவை வெளியேற்றுகின்றன. அது தேங்கினால் மீன் இறக்கும். நீரைப் பரற்கல் அல்லது மணல் நிரப்பிய பாத்தியூடாகச் செலுத்தினால், அங்கு வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றைப் பயிர் உறிஞ்சுகின்றது; தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்புகின்றது. இம்மாற்றம் உயிர்களின் செயலே என்பதை 1877இல் சுலேசிங், மூன்ட்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கழிவுநீரை மணலூடாகச் செலுத்தி நிறுவினர். அப்பற்றீரியாக்களை 1890 அளவில் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதற்குமுன் மீனை நிறைய விடுபவர் மீனை இழப்பர்.

விஞ்ஞான விளக்கம் பிந்தியது, நடைமுறை முந்தியது. பிற்கால ஹான் காலத்துச் சீனக் கல்லறைகளிற் கிடைத்த களிமண் வயல் மாதிரிகளில் மீன் உருவங்கள் காணப்படுகின்றன. மெக்சிக்கோவின் அஸ்தெக்குகளைச் சிலர் இம்முறையின் முன்னோடிகள் என்பர். அவர்கள் வாய்க்காற் சேற்றை அள்ளி மேட்டுநிலத்தில் இட்டுப் பயிரிட்டனர் என்பதே பொருந்தும். தொட்டிமுறையோடு அதனை ஒன்றாக்குவது மிகை.

நம்மவர்க்கு இன்னும் அணுக்கமான சான்று தமிழ்ச் சாசனங்களில் உள்ளது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற வருவாய் பாசிப்பாட்டம் எனப்பட்டது. அவ்வருவாய் ஏரியைத் தூர்வாரவும் கரை திருத்தவும் செலவிடப்பட்டதுண்டு. அதாவது, மீன் குளத்தைக் காத்தது. குளம் வயலைக் காத்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள் ஏரிவாரியம், தோட்டவாரியம் இரண்டையும் குறிப்பிடுகின்றன. சீனன்குடாவைப் போலவே திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த கந்தளாய், சோழராட்சியில் இராசராசச் சதுர்வேதிமங்கலமாய் விளங்கியதை அங்குக் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள் காட்டுகின்றன. எனினும் இவ்வமைப்பைப் பொற்காலமாகப் புனைதல் தகாது. வாரியத்தில் இடம்பெற இறைநிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும் என்று அதே உத்தரமேரூர்ச் சாசனம் கூறுகின்றது. வலை வீசியவரும் வண்டல் சுமந்தவரும் அந்த அவைகளில் அமர்ந்திருக்க வழியில்லை.

நவீன முறை பிறந்தது வேறு சூழலில். 1969இல் ஐக்கிய அமெரிக்காவில் யோன் ரொட், நான்சி ரொட், வில்லியம் மக்லார்னி ஆகியோர் நிறுவிய புதிய இரசவாத நிறுவனம், குடும்ப அளவிலான மீன்தொட்டிகளைத் தோட்டத்தோடு இணைத்துப் பரிசோதித்தது. 1980களில் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மேட்றி திலாப்பியாத் தொட்டியின் நீரை மணற்பாத்திகளுக்குப் பாய்ச்சித் தக்காளியும் வெள்ளரியும் வளர்த்தார். நன்னீர் அரிதான கரிபியன் தீவொன்றில், வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யேம்ஸ் றக்கோசி அதே காலத்தில் மிதவைமுறையை உருவாக்கினார். பயிர்ப்பரப்பின் ஒரு சதுரமீற்றருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் மீனுணவு என்ற அவரது அளவு இன்றும் கையாளப்படுகின்றது. இரும்பு, கல்சியம், பொற்றாசியம் ஆகியன இந்நீரிற் குறைவுபடும் என்பதையும் அப்பரிசோதனைகள் வெளிப்படுத்தின.

இலங்கைக்குத் திலாப்பியா 1950களின் தொடக்கத்தில் வந்தது. பழைய குளங்களில் அது பெருகி, உலர்வலய வறிய மக்களின் மலிவான புரதமாயிற்று. 1990இல் நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை அரசு கைவிட்டது. உயிர்க்கொலையை அரசு ஊக்குவித்தல் கூடாது என்ற சமய நோக்கு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1994இற்குப் பின்னரே ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நீருயிரினவளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. குளத்து மீனவரின் உணவையும் தொழிலையும் பற்றிய முடிவு அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மீன்கழிவே பசளையாகும் இம்முறை ஒரு மாற்றுவழியாகத் தோன்றக்கூடும். ஆனால் பயிருக்குச் செல்லும் நைதரசனின் பெரும்பகுதி மீனுணவிலிருந்தே வருகின்றது. பசளை மூடையின் இடத்தை மீனுணவு மூடை பிடிக்குமாயின் தங்கியிருத்தல் ஒழிவதில்லை. அதன் பெயர்தான் மாறுகின்றது. 1980இல் இயங்கத் தொடங்கிய பெரும் மாவாலை சீனன்குடாவிலேயே உள்ளது. கோதுமைத் தவிடு மீனுணவின் ஒரு கூறாகத்தக்கது. அது அயலிலுள்ள வளவுகளுக்கு என்ன விலையில் எட்டும் என்பது தொழினுட்ப வினாவன்று.

மின்சாரமும் அவ்வாறே. 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நிலவிய காலத்தில், பம்பியை மட்டும் நம்பி மீனை நெருக்கமாக வளர்த்த தொட்டியில் ஒட்சிசன் குறைந்து ஓரிரவில் மீன் அழியக்கூடும். எனவே வறிய வளவுக்குப் பொருந்துவது மீன் செறிவு குறைந்த தொட்டி. காலை மாலை வாளியால் நீரை அள்ளி உயரத்திலுள்ள மணற்பாத்தியில் ஊற்றினால் அது வடிந்து தொட்டிக்கே திரும்பும். கங்குன், கீரை, கொச்சி என்பன இதில் வளரும். மின்செலவு இங்கில்லை, அதன் இடத்தை உடலுழைப்பு நிரப்புகின்றது. அவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்ணினுடையது. ஆதலால் உற்பத்திச் செலவுக் கணக்கில் அது எழுதப்படுவதில்லை. மேமுதல் செத்தெம்பர்வரை நீளும் வரட்சியில் தொட்டியிலிருந்து ஆவியாகும் நீரையும் கிணற்றிலிருந்து சுமந்து வந்து நிரப்புபவர் அவரே.