சலவைக்கடையில் தொடங்கிய கோடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்று ஒரு சிறிய ஊர். தங்கம் தேடியும் ரயில் பாதை போடவும் அந்த மாநிலத்துக்கு வந்த சீனர்களில் சிலர், அங்கே ஊரார் துணியைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். துணி வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது ஊராருக்குப் பிடித்திருந்தது. துவைத்தவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருப்பதுதான் பிடிக்கவில்லை. சீனர்கள் இங்கே இருக்கக் கூடாது என்று நேராக எழுதினால் அரசியல் சாசனம் குறுக்கே நிற்கும். 1885இல் ஊர் நிர்வாகம் வேறு வழி கண்டுபிடித்தது. புதிய சட்டத்தில் சீனர் என்ற சொல்லே இல்லை. ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே, ஜி தெருவுக்குத் தெற்கே மட்டும் சலவைக்கடை நடத்தலாம், ஊரில் வேறெங்கும் கூடாது என்றது அது. ஆளை விட்டுவிட்டுத் தொழிலை ஒதுக்கிய அந்தக் கோடு நீதிமன்றத்தில் நிற்குமா?

நின்றது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மறு ஆண்டே அதைச் செல்லும் என்றது. அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம் வேறொரு வித்தையை முயன்றுகொண்டிருந்தது. மரக்கட்டிடத்தில் சலவைக்கடை நடத்த மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது அங்கே விதி. நகரில் இருந்த சுமார் 320 கடைகளில் 310 மரக்கட்டிடங்கள். சீனர்கள் சுமார் 200 பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் 80 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 22 வருடமாகக் கடை நடத்திவந்த லீ யிக் என்பவருக்கு 10 டாலர் அபராதம் போட்டார்கள். கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை படியேறி 1886இல் ஜெயித்தார். அவர் கடையின் பெயரான 'யிக் வோ'தான் வழக்கின் பெயராக நிலைத்துவிட்டது. அதிகாரிகளின் மனம்போன போக்கு தோற்றது. மண்ணில் போட்ட கோடு மட்டும் பிழைத்துக்கொண்டது. அந்தக் கோட்டுக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு என்பது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால்தான் தெரியவந்தது.

ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரம் அப்போது கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. மேயர் ஃபிரான்ஸ் ஆடிக்கஸ் 1891இல் நகரத்தையே பகுதி பகுதியாகப் பிரித்தார். நடு ஊரில் உயரமாகக் கட்டலாம். வெளியே போகப் போக உயரம் குறைய வேண்டும், திறந்த இடம் கூட வேண்டும். ஆலைகளுக்கென்று தனிப் பகுதி. இந்த ஜெர்மன் திட்டங்களை 1908இல் டுசல்டார்ஃபில் நடந்த கண்காட்சியில் பார்த்த எட்வர்ட் பாஸெட் என்ற நியூயார்க் வழக்கறிஞர் சொக்கிப்போனார். ஊர் திரும்பினாலும் அதை அங்கே யார் காதில் போடுவது? நியூயார்க்கில் அப்போது நிலத்துக்காரர் தன் மனையில் எத்தனை மாடி அலுவலகம் கட்டுகிறார் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. பாஸெட்டின் கனவுக்கு ஒரு தீக்குச்சி தேவைப்பட்டது.

1912 ஜனவரி 9, விடியற்காலை. பிராட்வேயில் இருந்த ஈக்விடபிள் கட்டிடத்தின் உணவகத்தில் ஓர் ஊழியர் எரிந்த தீக்குச்சியை அணைந்ததென்று நினைத்துக் குப்பைக்கூடையில் எறிந்தார். கட்டிடமே பற்றிக்கொண்டது. அன்றைய குளிரில், பீய்ச்சிய தண்ணீர் சுவரில் பட்டவுடனே உறைந்தது. உள்ளே நெருப்பு எரிய, வெளியே ஜன்னல், தூண், தந்திக்கம்பி எல்லாம் பனிக்கட்டி விழுதுகளாகத் தொங்கின. அந்தச் சாம்பல்மேட்டில் 1915இல் எழுந்த புதுக் கட்டிடத்தைப் பார்த்து நகரமே வாயடைத்துப்போனது.

மனை ஏறத்தாழ ஓர் ஏக்கர்தான். அதில் ஓர் அங்குலத்தையும் விடாமல், நடைபாதையின் விளிம்பிலிருந்து 38 மாடி செங்குத்தாக ஏறியது. தளங்களின் மொத்தப் பரப்பு சுமார் 12 லட்சம் சதுர அடி. அதன் நிழல் 7 ஏக்கருக்கு விழுந்தது. பக்கத்துக் கட்டிடங்களில் நண்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. வெளிச்சம் போனதோடு வாடகையும் விழுந்தது. எங்கள் சொத்தின் மதிப்பைக் குறைத்து வரி போடுங்கள் என்று உரிமையாளர்கள் நகராட்சிக்கு ஓடினார்கள். வெயில் பண விஷயமானதும் பாஸெட்டின் பேச்சைக் கேட்க ஆள் சேர்ந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்த பெரிய கூட்டாளிகளின் கவலை வெயில் இல்லை.

அவர்கள் ஐந்தாவது அவென்யூவின் பெரிய கடைக்காரர்கள். ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் அந்தத் தெருவை நெருங்கி வந்துகொண்டிருந்தன. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைத் தையல் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நடைபாதையில் இறங்கி நின்று பேசினார்கள். சீமாட்டிகள் கடைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். 1916 மார்ச்சில், நியூயார்க்கைக் காப்போமா என்று பத்திரிகைகளில் பெரிய விளம்பரமே கொடுத்தார்கள். மொடெஸ்டோவின் சலவைக்காரர் இடத்தில் இப்போது தையல்காரர். எல்லோருக்கும் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்ற நியாயமான கோரிக்கைக்குள் இந்த வெறுப்பும் சேர்ந்தே வந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. 1916 ஜூலை 25 அன்று நியூயார்க் முழுவதும் கோடு விழுந்தது: குடியிருப்புக்கு ஒரு பகுதி, வணிகத்துக்கு ஒன்று, கட்டுப்பாடற்றது ஒன்று. உயரம் கூடக் கூடக் கட்டிடம் தெருவிலிருந்து உள்வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் படிக்கட்டு வடிவம் அதனால் வந்ததுதான். ஊர்கள் ஒவ்வொன்றாக நியூயார்க்கைப் பார்த்துச் சட்டம் போட்டன. அப்போது ஒரு கிராமத்தில் வினை முளைத்தது.

ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட். அங்கே ஆம்ப்ளர் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு 68 ஏக்கர் இருந்தது. ஆலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் என்பது அதன் கணக்கு. 1922இல் கிராமம் கோடு போட்டு, அதில் ஒரு பகுதியில் ஆலைக்கு இடமில்லை என்றது. வீட்டு மனையாக விற்றால் 2,500தான் தேறும் என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. கீழ் நீதிமன்றம் கோட்டையே அழித்தது. 1926 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வாதம் முடிந்தது. கோட்டுக்காக எழுத்துவாதம் தர நினைத்த சின்சினாட்டி வழக்கறிஞர் ஆல்ஃபிரட் பெட்மன் தேதியைக் கோட்டைவிட்டார். தலைமை நீதிபதி டாஃப்டும் சின்சினாட்டிக்காரர். தாமதத்துக்கு வருந்தி பெட்மன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்தது அபூர்வம்: வழக்கை மறுபடி விசாரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

நவம்பர் 22 அன்று 6-க்கு 3 என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஜார்ஜ் சதர்லாண்ட். சொத்துரிமைக்கு உயிரைக் கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். அவரே கோட்டின் பக்கம் நின்றார். ஆனால் அதே தீர்ப்பு, தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. வாடகைக்குக் குடியிருப்பவர்களை நல்ல தெருக்களிலிருந்து தள்ளிவைக்க அமெரிக்க ஊர்களுக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு அது. அந்த 68 ஏக்கர் என்ன ஆயிற்று? நெடுங்காலம் சும்மா கிடந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் வகைப்பாடு மாறி, அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை எழுந்தது.

சலவைக்காரரை ஒதுக்கிய கோடு இப்படித்தான் ஊர்களின் எதிர்காலத்தை வரையும் கருவியானது. சென்னைக்கும் அது வந்து வெகுகாலமாகிறது. 2026ஆம் ஆண்டை இலக்காக வைத்து 2008இல் நடைமுறைக்கு வந்த, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் இரண்டாம் மாஸ்டர் பிளானில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று நிலம் நிறம் நிறமாகப் பிரிந்து கிடக்கிறது. புறநகரில் மனை பார்க்கப் போகும் குடும்பத்தின் முன்னால் தரகர் விரிக்கும் ஜெராக்ஸ் அந்த வரைபடத்தின் ஒரு துண்டுதான். தண்ணீர் எத்தனை அடியில், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதற்கு முன்பே, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சர்வே எண்ணைத் தேடி விரலை ஓட்டுகிறார். விரல் ஒரு கோட்டின் அருகே நிற்கிறது. இந்தப் பக்கம் என்றால் வங்கிக் கடன். அந்தப் பக்கம் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பம். "இது எந்த சோன்?" என்று கேட்கிறார்.