ஐஃபிலிக்ஸ்: கோலாலம்பூரில் பிறந்த திரைச் சேவை

ஒரே சந்தாவில் கைப்பேசி, கைக்கணினி, மடிக்கணினி, தொலைக்காட்சி என எந்தத் திரையிலும் படம் பார்க்கும் வசதியை மலேசியக் குடும்பங்களுக்குக் கொண்டு வந்த முன்னோடிச் சேவைகளில் ஒன்று ஐஃபிலிக்ஸ். கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இது, 2015 மே மாதம் மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அறிமுகமானது. கேட்சா குழுமத்தின் பேட்ரிக் குரோவும் மார்க் பிரிட்டும் இதன் நிறுவனர்கள். நெட்பிளிக்ஸ் இங்கு கால்பதித்தது அதன் பிறகு, 2016 ஜனவரியில்தான்.

தோட்டத்துத் திடலில் துணி கட்டிப் படம் காட்டிய காலம், வாடகை வீடியோ கேசட், 1996-இல் வந்த ஆஸ்ட்ரோ, பசார் மாலாமில் விற்ற திருட்டு டிவிடி என நம்மவர்களின் திரைப்பட ரசனை பல கட்டங்களைக் கண்டது. ஐஃபிலிக்ஸ் குறிவைத்தது அந்தத் திருட்டு டிவிடியைத்தான். மாதம் சுமார் 10 வெள்ளி கட்டினால் போதும், விளம்பரமின்றிப் பார்க்கலாம் என்றது. தெலிகோம் மலேசியாவின் இணையச் சந்தாதாரர்களுக்கு ஓராண்டு இலவசமாகவும் கிடைத்தது.

எப்படி இயங்குகிறது?

ஒரு படத்தைப் பல தரங்களில் தயாரித்துச் சேமித்து வைப்பார்கள். இணைய வேகம் குறைந்தால் குறைந்த தரத்துக்கும், கூடினால் உயர்ந்த தரத்துக்கும் செயலி தானே மாறிக்கொள்ளும். படம் நின்று நின்று ஓடாமல் இருப்பதற்கும், சில நேரம் மங்கலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

டேட்டா செலவு கவனிக்க வேண்டிய ஒன்று. நெட்பிளிக்ஸ் தரும் பொதுவான கணக்கின்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரையும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையும் செலவாகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை எச்டியில் பார்த்தால் ஏழு ஜிபிக்கு மேல் போய்விடலாம். பைபர் இணைப்பு உள்ள நகர வீட்டுக்கு இது பெரிதல்ல. கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் தோட்டப்புற வீட்டில், பிள்ளையின் இணையப் பாடத்துக்கு வைத்திருந்த டேட்டா ஒரே இரவில் தீர்ந்துவிடும். வைஃபை கிடைக்கும் இடத்தில் படத்தைப் பதிவிறக்கம் செய்து, பிறகு இணையமின்றிப் பார்க்கும் வசதி இதற்குக் கைகொடுக்கும். ஐஃபிலிக்ஸ் தொடக்கக் காலத்திலேயே இதை வழங்கியது. நாடு முழுவதும் 4ஜி சேவையை விரிவாக்க அரசாங்கம் 2020-இல் ஜெண்டேலா திட்டத்தைத் தொடங்கியது.

ஏற்றமும் இறக்கமும்

சில ஆண்டுகளிலேயே ஆசியா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா எனப் பல நாடுகளுக்கு ஐஃபிலிக்ஸ் பரவியது. ஆனால் படங்களின் உரிமத்துக்கு ஆகும் செலவு பெரிது. குறைந்த சந்தாவில் அதை ஈடுகட்டுவது கடினம். விளம்பரத்துடன் இலவசமாகப் பார்க்கும் முறையும் பின்னர் வந்தது. 2020 ஜூனில் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் ஐஃபிலிக்ஸை வாங்கியது. பெயர் தொடர்ந்தது; உரிமையாளர் மாறினார்.

சிங்டெல், சோனி பிக்சர்ஸ், வார்னர் பிரதர்ஸ் ஆகியவை சேர்ந்து 2015-இல் தொடங்கிய சிங்கப்பூரின் ஹூக் சேவைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியுடன் அது மூடப்பட்டது.

சந்தாதாரர் அறிய வேண்டியவை

• சந்தா கட்டுவது பார்ப்பதற்கான அனுமதிக்கே. படம் நமக்குச் சொந்தமாகாது. உரிமம் முடிந்தால் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பதிவிறக்கம் செய்ததும் காலாவதியாகும்.

• உரிமம் நாட்டுக்கு நாடு வேறுபடும். தமிழ்நாட்டில் ஒரு தளத்தில் வெளியாகும் படம் இங்கு அதே தளத்தில் இல்லாமல் போகலாம். தேடும் படம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள்.

• ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கூட்டுக் குடும்பங்கள் இதை முதலில் கேட்டறிவது நல்லது.

• இலவசக் காலம் முடிந்ததும் கட்டணம் தானாகப் பிடிக்கப்படலாம். முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

• புதிய சேவைக்கு ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவதைவிட, மாதச் சந்தாவில் தொடங்குவதே பாதுகாப்பு.