இரண்டாவது கழிப்பறையும் ஓர் இளவரசரும்

அம்மா ஊரைவிட்டுக் கொல்கத்தாவுக்கே எங்களோடு வந்துவிட்டார். முழங்கால் வலி. ராத்திரி மூன்று தடவை எழுந்து, இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்து கழிப்பறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, அவர் அறையை ஒட்டியே இன்னொன்று கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பார்க்க வந்த மிஸ்திரி பழைய குழாயைத் தட்டிப் பார்த்தார். "ஒரு டீ போட்டால் முடிந்தது, பாபு" என்றார். குடிக்கிற டீ இல்லை. இருக்கிற குழாயில் கிளை பிரிக்கப் போடும் துண்டு. "காற்றுக்குழாய் வேண்டாமா?" என்று கேட்டேன். "அது வீண் செலவு" என்றார்.

செலவு என்றதும் பி.காம் படித்தவன் காது நிமிரத்தானே செய்யும்! அந்த வீண் செலவு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், 250 வருடம் பின்னால் போய்விட்டேன்.

1775-இல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் ஒரு கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பெரிய விஷயம் கோப்பை இல்லை. கோப்பைக்குக் கீழே குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்ததுதான். சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே அந்தத் தண்ணீர்தான் கதவு. இன்றைக்கும் நம் வீட்டு டிராப்பில் நிற்பது அதே தண்ணீர்தான். சுமார் 50 மில்லிமீட்டர் உயரம், அவ்வளவே.

கழிப்பறைகள் பெருகின. ஆனால் போகிற இடம்? வீட்டுக்கு அடியில் இருந்த குழிகள் நிரம்பி வழிந்தன. பிறகு எல்லாவற்றையும் மழைநீர்ச் சாக்கடைகளில் இணைத்தார்கள். அது நேராகத் தேம்ஸ் நதிக்குப் போனது. 1858 கோடையில் நதி நாறியதில், பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. நாற்றம் தங்கள் மூக்குக்கே வந்ததும், உறுப்பினர்கள் 18 நாளில் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள்! ஜோசப் பஸல்ஜெட் என்ற பொறியாளர் 82 மைல் நீளத்துக்குப் பெரிய சாக்கடைகள் கட்டினார். கொல்கத்தாவின் செங்கல் சாக்கடைகளும், வில்லியம் கிளார்க்கின் திட்டப்படி, ஏறக்குறைய அதே காலத்தில் கட்டப்பட்டவைதான்.

1865 ஏப்ரலில் லண்டனின் கிராஸ்னஸ் நீரேற்று நிலையத்தைத் திறந்து வைத்தவர் பட்டத்து இளவரசர் எட்வர்ட். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1871 இலையுதிர் காலத்தில் இந்த இளவரசர் ஸ்கார்பரோ நகரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கினார். திரும்பியதும் டைபாய்டு. கூடத் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபு இறந்துபோனார். இளவரசரின் குதிரைக்காரரும் இறந்தார். இளவரசரின் தந்தை ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14-இல் இறந்தபோதும் டைபாய்டு என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே டிசம்பர் 14 வாக்கில் மகன் பிழைத்துக்கொண்டார்.

பழி மாளிகையின் சாக்கடைக் குழாய்கள் மேல் விழுந்தது. நாடே பயந்தது. நாட்டுக்கே சாக்கடை திறந்து வைத்தவரை ஒரு வீட்டுக் குழாய் சாகடிக்கப் பார்த்ததே! அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் ஓடும் குழாயை எப்படி இணைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் அக்கறை வந்தது.

நீர்க்கதவு இருந்தும் காற்று எப்படி உள்ளே வருகிறது? மேலே ஒருவர் தண்ணீரைத் திறந்துவிட்டால், அது குழாயில் பம்பு தண்டு மாதிரி இறங்குகிறது. பின்னால் காற்று இழுபடுகிறது. அந்த இழுப்பில் பக்கத்துக் கிளையின் டிராப்பில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து போய்விடும். குழாயின் அடிப்பகுதியிலோ நேர்மாறாக, காற்று அழுத்தப்பட்டுக் கீழ்வீட்டில் கொளகொளவென்று குமிழி விடும். இதற்கு மருந்துதான் மொட்டைமாடிக்கு மேலே திறந்திருக்கும் காற்றுக்குழாய்.

இதில் ஒரு வேடிக்கை. டைபாய்டு கிருமி முக்கியமாகப் பரவுவது அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும். சாக்கடைக் காற்றால் அல்ல. அன்றைக்குப் போட்ட கணக்கு தப்பு, விடை மட்டும் சரி என்று வெகுகாலம் நினைத்தார்கள்.

2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் சார்ஸ் பரவியது. 329 பேருக்கு நோய், 42 பேர் மரணம். நோயாளி ஒருவர் வந்து தங்கிய கட்டடத்தில்தான் பாதிப்பு மிக அதிகம். பல குளியலறைகளில் தரை டிராப்புகள் வறண்டு கிடந்ததும், வெளியேற்று விசிறிகள் குழாய்க் காற்றை அறைக்குள் இழுத்ததும் விசாரணையில் தெரியவந்தன. அந்தக் கணக்குகூட முழுத் தப்பில்லை போலும்!

மிஸ்திரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், குழாய் அகலம், கிளையின் நீளம், வாட்டம், டிராப்பின் ஆழம் எல்லாம் சரியாக இருந்தால் தனிக் காற்றுக்குழாய் இல்லாமல் ஒரே குழாயே போதும் என்று பிரிட்டனில் சோதித்துக் காட்டினார்கள். நம் நாட்டு விதிகளிலும் அந்த முறைக்கு இடம் உண்டு. ஆனால் அது முதலிலேயே கணக்குப் போட்டுக் கட்டிய வீட்டுக்கு. ஒரு கழிப்பறையை நினைத்துக் கட்டிய பழைய குழாயில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சேர்ப்பது, சம்பளச் சான்றிதழைப் பார்க்காமல் இரண்டாவது கடன் கொடுப்பது மாதிரி. முதல் தவணை ஒழுங்காக வரும். பிறகுதான் தெரியும்.

காற்றுக்குழாய் போட்டேன். மிஸ்திரி சிரித்துக்கொண்டேதான் வேலை செய்தார். கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். எந்தச் சத்தமும் இல்லை என்றார்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது, பூட்டுகிற நேரத்தில் நான் மட்டும் உள்ளே ஓடி, தரை டிராப் ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். "ரயிலுக்கு நேரமாச்சு, யாருக்குடா தண்ணி ஊத்தறே?" என்றார் அம்மா.

"இளவரசருக்கு" என்றேன்.