கிணற்றடிக்கு வரும் ஆய்வுகூடம்

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பேசப்பட்ட நாள்களில், கிணற்றடியிலேயே வைத்துச் சோதிக்க ஒரு கருவி இல்லையா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் அது ஆய்வுகூடக் கருவியை அப்படியே சுருக்கி எடுத்தது அல்ல.

எண்ணெயிலுள்ள பென்சீன், தொலுயீன் போன்றவற்றைப் பிரித்தறிய வாயுக் குரோமற்றோகிராபி என்ற முறை பயன்படுகிறது. ஆவியாக்கிய மாதிரியை ஈலியம் போன்ற வாயுவோடு மெல்லிய குழாயொன்றினூடாகச் செலுத்துவார்கள். குழாயின் உட்பூச்சில் சில சேர்வைகள் அதிக நேரம் தங்கும், சில விரைந்து வெளியேறும். வழக்கமான குழாய் 30 மீற்றர் நீளமானது, உள்விட்டம் 0.25 மில்லிமீற்றர். சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடும். இடத்தையும் மின்சாரத்தையும் விழுங்குவது அதைச் சூடாக்கும் அடுப்பும் வாயு உருளையும் வெற்றிடப் பம்பியும்தான்.

1976 இல் வைக்கிங் விண்கலங்கள் இத்தகைய கருவியைச் செவ்வாய்க்கே கொண்டுபோயின. நாசாவின் பணப்பெட்டி வேறு, நமது பிரதேச சபையின் பணப்பெட்டி வேறு! 1979 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டெரி, ஜேர்மன், ஏஞ்சல் ஆகியோர் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் தகட்டில் 1.5 மீற்றர் குழாயைச் சுருளாகச் செதுக்கிக் காட்டினர்.

ஆனால் நீளத்தைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. மற்றவை மாறாதிருக்க, குழாயைக் கால்வாசியாக்கினால் பிரிக்கும் திறன் பாதியாகும். குழாயை ஒடுக்கி அதை ஓரளவு ஈடுசெய்யலாம். ஒடுங்கிய குழாயோ மிகச் சிறிதளவு மாதிரியையே தாங்கும். எனவே சேர்வைகளை முதலில் ஓர் உறிஞ்சியில் பிடித்துச் செறிவாக்கி, சட்டென்று சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். சந்தையிலுள்ள ரொரியன் டி-9 கருவியில் பெரிய அடுப்பு கிடையாது, குழாயோடு சேர்ந்த கம்பியே சூடேற்றுகிறது. பற்றரியுடன் நிறை 14.5 கிலோகிராம். தோளில் தொங்கவிட முடியாது, வாகனத்தில் ஏற்றலாம்.

இதன் பெறுமதி எனக்குத் தெரிவது மாதிரியின் பயணத்தில்தான். பென்சீன் எளிதில் ஆவியாகும். போத்தலில் காற்றுக்குமிழி இருந்தாலோ, வழியில் குளிர் குறைந்தாலோ, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றரில் ஒரு பகுதி பறந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், சிறு இழப்பும் முடிவைப் புரட்டிவிடும்.

நீதிமன்றத்தில் வைக்கும் எண்ணுக்கு இன்றும் ஆய்வுகூட அறிக்கைதான் வேண்டும். கிணற்றடிக் கருவி உதவுவது அதற்கு முன்னைய கட்டத்தில்: ஐம்பது கிணறுகளில் எந்த ஐந்தின் நீரைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்புவது, எந்த வீட்டாரை இன்றே குடிக்க வேண்டாம் என்று சொல்வது.